மருத்துவக் கல்லூரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? சமூகக் கடமையை அளக்கும் நான்கு கருவிகள் குறித்த மதிப்புரை

மருத்துவக் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்கள் பெரும்பாலும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே எண்ணி முடித்துவிடக்கூடியவற்றை எண்ணுகின்றன: ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, பேராசிரியர்கள் எத்தனை பேர், தேர்ச்சி விகிதம் என்ன, ஆய்வுக்கு வந்த நிதி எவ்வளவு. பட்டம் பெற்றவர் பத்து ஆண்டுகள் கழித்து எங்கே இருக்கிறார், யாருக்கு மருத்துவம் பார்க்கிறார், அந்தக் கல்லூரி அங்கே இருப்பதால் சுற்றுவட்டார மக்களின் உடல்நலத்தில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியல்களில் இடமில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்பதற்காகவே கடந்த முப்பது ஆண்டுகளில் சில மதிப்பீட்டுக் கருவிகள் உருவாகியிருக்கின்றன. அவற்றுள் அதிகம் பேசப்படும் நான்கை, பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களும் கல்லூரி முதல்வர்களும் மாணவர் அமைப்புகளும் எதைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்ய உதவும் நோக்கில், இங்கே மதிப்பிடுகிறேன். நான்கும் தரமானவை என்றாலும் ஒரே வேலைக்கு உரியவை அல்ல. யாரும் விடுபடாமல் எல்லோருக்கும் தேவைக்கேற்ப நியாயமாகக் கிடைப்பது என்ற பொருளில் சொல்லப்படும் சமநீதியை எவ்வளவு ஆழமாகத் தொடுகின்றன என்பதில் நான்குக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நான்கிலுமே பொதுவான ஒரு குறையும் உண்டு.

முதலாவது, 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக சார்ல்ஸ் போலனும் ஜெஃப்ரி ஹெக்கும் முன்வைத்த கட்ட அட்டவணை. கல்வி, ஆராய்ச்சி, மருத்துவச் சேவை ஆகிய மூன்றையும், தான் பணிபுரியக் கடமைப்பட்ட மக்களின் முதன்மையான உடல்நலத் தேவைகளை நோக்கித் திருப்புவது மருத்துவக் கல்லூரியின் கடமை என்றும், அந்தத் தேவைகள் எவை என்பதை அரசும் மருத்துவ அமைப்புகளும் மருத்துவத் துறையினரும் பொதுமக்களும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும் என்றும் வரையறுத்த ஆவணம் அது. பின்னால் வந்த எல்லாக் கருவிகளும் இந்த வரையறையின் மீதே நிற்கின்றன. அட்டவணையின் ஒரு பக்கத்தில் பொருத்தம், தரம், செலவுக்கேற்ற பயன், சமநீதி என்று நான்கு விழுமியங்கள் உள்ளன. மறுபக்கத்தில் கல்வி, ஆராய்ச்சி, சேவை என்ற மூன்று களங்களும், ஒவ்வொன்றுக்கும் திட்டமிடல், செயல்படுத்தல், விளைவு என்ற மூன்று நிலைகளும் உள்ளன. ஆக மொத்தம் 36 கட்டங்கள்.

இந்த அட்டவணையின் பெருமை அதன் நேர்மையில் இருக்கிறது. கல்விக்கான சமநீதி என்ற வரிசையில் திட்டமிடல் கட்டத்தை எந்தக் கல்லூரியாலும் நிரப்பிவிட முடியும். ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். செயல்படுத்தல் கட்டத்தைச் சற்று முயன்றால் நிரப்பலாம். விளைவு என்ற கட்டத்துக்கு வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. காலியாக நிற்கும் அந்தக் கட்டம் எந்த ஆண்டறிக்கையையும்விடத் தெளிவாக ஒரு கல்லூரியின் நிலையைக் காட்டிவிடும். ஆனால் எதை வைத்து அந்தக் கட்டத்தை நிரப்புவது என்பதற்கு இக்கருவியிலிருந்து அதிக உதவி கிடைக்காது. எதை எண்ணி அளப்பது என்று காட்டும் சுட்டிகளைக் கல்லூரியே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நேரமும் புள்ளியியல் அறிவும் உள்ள இடங்களுக்கே இது பயன்படும். மற்றவர்கள் ஒரு நாள் கருத்தரங்கில் எல்லோரையும் உட்காரவைத்துச் சிந்திக்கச் செய்வதற்கு இதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை.

இரண்டாவது, போலனும் ராபர்ட் வுலார்டும் 2009இல் வெளியிட்ட மூன்று கட்ட மாதிரி. எத்தகைய மருத்துவர் தேவை என்று கருக்கொள்ளுதல், அவரை உருவாக்குதல், உருவானவர் பயன்படும் இடத்தில் பயன்படுகிறாரா என்று உறுதிசெய்தல் என்பவையே அந்த மூன்று கட்டங்கள். தரச்சான்று அளிக்கும் அமைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால் நடை சற்று உலர்ந்தது. இருந்தாலும் மூன்றாம் கட்டத்தின் வலிமையை மறுக்க முடியாது. தேர்வில் வென்று பட்டம் பெற்றவுடன் கல்லூரியின் வேலை முடிந்துவிட்டது என்று நாம் காலங்காலமாக நினைத்து வந்ததை அது ஏற்க மறுக்கிறது. பட்டதாரிக்கு ஏற்ற பணியிடம் இருக்கிறதா, அங்கே அவர் தங்க முடிகிறதா, கற்றதைச் செயல்படுத்த அங்கே வசதி உண்டா என்பவற்றிலும் கல்லூரிக்குப் பங்குண்டு என்கிறது. சுகாதாரத் துறையும் உள்ளாட்சியும் செய்ய வேண்டிய வேலையைக் கல்லூரியின் தலையில் கட்டுவதாக இதை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எதிர்ப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மருத்துவரை உருவாக்குகிறவர், அவர் போய்ச் சேரும் இடத்தைப் பற்றிப் பேசும் மேசையில் உட்கார மறுத்தால், அந்த மேசைக்கு வேறு யார் வருவார்கள் என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

மூன்றாவது கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போலனும் ஷஃபீக் தரம்சியும் ட்ரெவர் கிப்ஸும் 2012இல் வெளியிட்ட ஒரு பக்க அட்டவணை இது. சமூகக் கடமையை மூன்று படிகளாக இது பிரிக்கிறது. முதற்படி பொறுப்புணர்வு, இரண்டாவது சமூகத்துக்குச் செவிசாய்த்தல், மூன்றாவது சமூகத்துக்குப் பதில் சொல்லும் கடப்பாடு. பொறுப்புணர்வுப் படியில் இருக்கும் கல்லூரி, மக்களின் தேவை தனக்குத் தெரியும் என்றே கருதிக்கொள்கிறது, கல்லூரியின் குறிக்கோள்களை ஆசிரியர்களே வகுக்கிறார்கள், நல்ல மருத்துவரை உருவாக்குவது இலக்கு, பயிற்றுமுறை சரியாக நடந்ததா என்பதே மதிப்பீடு, மதிப்பிடுபவர்களும் உள்ளிருப்பவர்களே. செவிசாய்க்கும் படியில் தேவைகள் வெளிப்படையாகக் கண்டறியப்படுகின்றன. குறிக்கோள்கள் தரவுகளிலிருந்து பிறக்கின்றன. பயிற்சி சமூகத்துக்குள்ளேயே நடக்கிறது. கற்றதன் பலன் அளக்கப்படுகிறது. மதிப்பிட வெளியிலிருந்து ஆள் வருகிறார்கள். மூன்றாம் படியில் கல்லூரி வரப்போகும் தேவைகளை முன்கூட்டியே கணிக்கிறது. குறிக்கோள்களைச் சமூகத்துடன் சேர்ந்து வகுக்கிறது. மருத்துவ அமைப்பையே மாற்றக்கூடியவர்களை உருவாக்க முனைகிறது. மக்களின் உடல்நலத்தில் ஏற்பட்ட விளைவையே அளக்கிறது. அளப்பவர்களில் மக்களும் சுகாதாரத் துறைக் கூட்டாளிகளும் இருக்கிறார்கள்.

நான்கு கருவிகளிலும் படித்தவுடன் உறைப்பது இதுதான். நல்லெண்ணமும் செவிசாய்த்தலும் ஒன்றல்ல என்பதை ஒரே பக்கத்தில் இது காட்டிவிடுகிறது. மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறை பேருந்தில் ஏற்றி ஊரகப் பகுதிக்கு அழைத்துச் சென்று மருத்துவ முகாம் நடத்தும் கல்லூரி, தன்னைச் சமூகத்துக்குச் செவிசாய்க்கும் நிறுவனம் என்று உளமார நம்பக்கூடும். அட்டவணையில் தேவையைக் கண்டறிந்தது யார், மதிப்பிட்டது யார் என்ற இரு வரிகளை வைத்துப் பார்த்தால் அந்தக் கல்லூரி முதற்படியில்தான் இருக்கிறது. முகாமுக்கு எந்த நோயைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த ஊராரிடம் ஒருவரும் கேட்கவில்லை. முகாமில் கண்டறியப்பட்ட நீரிழிவு நோயாளிக்கு அடுத்த மாத மாத்திரை எங்கிருந்து வரும் என்பதை யாரும் பின்தொடரவில்லை. இதைச் சொல்வது முகாமின் மதிப்பைக் குறைப்பதற்காக அல்ல, அடுத்த படி எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்காகவே.

இந்த அட்டவணையில் நான் காணும் குறைபாடு, அதன் படிக்கட்டு வடிவம் சார்ந்தது. ஒரு கல்லூரி முழுதாக ஒரே படியில் நிற்பதில்லை. சேர்க்கையில் மூன்றாம் படியிலும், தேர்வு முறையில் முதற்படியிலும், ஆராய்ச்சியில் இரண்டுக்கும் இடையிலும் நிற்கக்கூடும். ஆகவே மொத்தமாக ஒரு படியைச் சொல்லி முத்திரை குத்திக்கொள்ள இதைப் பயன்படுத்தக் கூடாது. வரிக்கு வரி தனித்தனியாகக் குறித்து, எந்த வரி பின்தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பயன்படுத்தினால் இரண்டு மணி நேரத்தில் ஒரு துறைக்குத் தேவையான உண்மை கிடைத்துவிடும்.

நான்காவது, உடல்நலச் சமநீதிக்கான பயிற்சி வலையமைப்பு உருவாக்கிய மதிப்பீட்டுச் சட்டகம். 2008இல் உருவான இந்த வலையமைப்பில் உள்ள கல்லூரிகள், மருத்துவர் பற்றாக்குறை மிகுந்த பகுதிகளுக்காகவே தொடங்கப்பட்டவை அல்லது அப்பகுதிகளை நோக்கித் தம்மை மாற்றிக்கொண்டவை. சட்டகம் கேட்கும் அடிப்படைக் கேள்விகள் எளியவை: நாம் யாருடைய எந்தத் தேவைக்காக இருக்கிறோம், எப்படி இயங்குகிறோம், என்ன செய்கிறோம், அதனால் என்ன மாறியது? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அம்சங்களும் சுட்டிகளும் அவற்றுக்கான ஆதாரங்களும் கேட்கப்படுகின்றன. உறுப்புக் கல்லூரிகளில் நடைமுறையில் சோதித்துத் திருத்தப்பட்டது என்பதால் இதில் வெறும் கொள்கை வாசனை இல்லை.

இந்தச் சட்டகத்தை நம்பத் தூண்டுவது அதற்குப் பின்னால் உள்ள கல்லூரிகளின் வரலாறுதான். பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் 1976இல் தொடங்கப்பட்ட உடல்நல அறிவியல் பள்ளியில் மாணவர்களைச் சமூகங்களே பரிந்துரைத்து அனுப்புகின்றன. அங்கே ஒரே ஏணியில் மருத்துவச்சி, செவிலியர், மருத்துவர் என்று படிப்படியாக ஏற முடியும். இடையிடையே தம் ஊருக்குத் திரும்பிப் பணிபுரிய வேண்டும். மருத்துவராக முடியாதவர் தோற்றவராக வெளியேறுவதில்லை. ஊருக்குத் தேவையான மருத்துவச்சியாகவோ செவிலியராகவோ திரும்புகிறார். அதே நாட்டின் சம்போவாங்காவில் 1994இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி, உள்ளூர் மருத்துவர்கள் ஊதியம் பெறாமல் பாடம் நடத்த முன்வந்ததால் எழுந்து நின்றது. கனடாவில் 2005இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய வட ஒன்ராறியோ மருத்துவப் பள்ளி, முதலாண்டு மாணவர்கள் அனைவரையும் நான்கு வாரம் பூர்வகுடிச் சமூகங்களில் வாழ்ந்து கற்க வைத்தது. மூன்றாம் ஆண்டில் எட்டு மாதம் சிறு நகரங்களில் குடும்ப மருத்துவருடன் தங்கிப் பயில வைத்தது. வலையமைப்புக்கு வெளியே ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972இலிருந்தே மாகாணம்தோறும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பட்டத்துக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் பணியாற்றினால் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்கிறது. ஊரகப் பின்னணி கொண்ட மாணவர்களைச் சேர்த்தால் அவர்கள் ஊரகத்தில் பணியாற்றும் வாய்ப்பு கூடுகிறது என்பதைச் சான்றுகளின் அடிப்படையில் ஏற்று, உலக சுகாதார நிறுவனமும் 2010இல் வெளியிட்ட பரிந்துரைகளில் அத்தகைய சேர்க்கையை வலியுறுத்தியது.

சட்டகத்தின் விலை என்ன என்று கேட்டால், பணமாக எதுவுமில்லை. ஆனால் உழைப்பாக மிக அதிகம். பட்டதாரிகள் எங்கே பணியாற்றுகிறார்கள் என்ற பதிவேடு இல்லாத கல்லூரி இதைத் தொடங்கியவுடனேயே தடுமாறும். ஆதாரம் திரட்டத் தனியாக ஆள் ஒதுக்க வேண்டும். சமூகப் பிரதிநிதிகளுடன் பேசத் தொடர்ந்து நேரம் ஒதுக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் தர உறுதிப் பிரிவில் உள்ள ஓரிருவர் மூடிய அறையில் அமர்ந்து சட்டகத்தை நிரப்பி முடிப்பதும் நடக்கிறது. அப்படி நிரப்பப்பட்ட ஒன்றை நான் படித்திருக்கிறேன். சமூகப் பங்கேற்பு என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்த எல்லாவற்றிலும் கல்லூரியே எழுவாயாக இருந்தது: கல்லூரி நடத்தியது, கல்லூரி வழங்கியது, கல்லூரி விழிப்புணர்வூட்டியது. மக்கள் ஒன்றைக் கேட்டார்கள், கல்லூரி அதற்கேற்ப மாறியது என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. அந்த அறிக்கையைப் படித்து முடித்தபோது எனக்கு மிகுந்த வருத்தமே மிஞ்சியது, ஏனெனில் அங்கே பணிபுரிந்த ஆசிரியர்களில் பலர் உண்மையான அக்கறை உடையவர்கள்.

இனி, நான்குக்கும் பொதுவான குறைக்கு வருகிறேன். இக்கருவிகள் யாவும் சமநீதியை முதன்மையாக இடம் சார்ந்ததாகவே பார்க்கின்றன: மருத்துவர் இல்லாத இடத்துக்கு மருத்துவர் போனாரா என்பதே மையக் கேள்வி. அது முக்கியமான கேள்விதான். நல்ல மருத்துவம் கிடைப்பது, அது தேவைப்படும் மக்களின் தேவைக்கு எதிர்விகிதத்திலேயே அமைகிறது என்று வேல்ஸ் நாட்டுக் குடும்ப மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதியது இன்றும் பொய்யாகவில்லை. ஆனால் மருத்துவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் கற்றுக்கொண்டு வந்த பாடத்திலேயே அநீதி இருந்தால் என்ன செய்வது?

இது கற்பனையான கவலை அல்ல. அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, விரல்நுனியில் பொருத்தும் ஆக்ஸிமீட்டர் காட்டிய அளவு இயல்பாக இருந்தபோதும் இரத்தத்தில் உயிர்வளி குறைந்திருந்த நிலை, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்ததைக் காட்டியது. கருமையான தோல் கொண்டவரிடம் அந்தக் கருவி தவறக்கூடும் என்பதைச் சொல்லித்தராமல் கருவியைப் பயன்படுத்த மட்டும் சொல்லித்தருவது முழுமையான கல்வி ஆகாது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பின நோயாளிகளுக்கென்று தனியாக ஓர் எண்ணைப் பெருக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனால் அவர்களுடைய சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இயங்குவதாகத் தோன்றி, சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவதும் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வதும் தள்ளிப்போக இடமிருந்தது. 2021இல்தான் அமெரிக்கச் சிறுநீரகவியல் அமைப்புகள் அந்த எண்ணைக் கைவிடப் பரிந்துரைத்தன. அதுவரை அது தேர்வில் மதிப்பெண் பெற்றுத்தரும் விடையாக இருந்தது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், பங்கேற்ற வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர், கறுப்பினத்தவரின் உடல் குறித்த தவறான நம்பிக்கை ஒன்றையேனும் சரியென ஏற்றிருந்தார்கள்; அத்தகையோர் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டதும் தெரியவந்தது.

தோல் நோய்ப் பாடத்தில் காட்டப்படும் படங்கள் எந்த நிறத் தோலுடையவை, செயல்முறைத் தேர்வில் வரும் நடிப்பு நோயாளிகள் எந்த மொழி பேசுகிறார்கள், மாற்றுத்திறனாளியான மாணவர் அறுவை அரங்கில் நிற்க என்ன ஏற்பாடு உண்டு, கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்டவர்கள் யார் என்ற கேள்விகள் இந்த நான்கு கருவிகளிலும் முதன்மை வரிகளாக இல்லை. சமநீதி என்ற பெருந்தலைப்பின் கீழ் இவற்றைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு என்று வாதிடலாம். ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதப்படாத கேள்வி அநேகமாகக் கேட்கப்படுவதில்லை. எனவே எந்தக் கருவியை எடுத்தாலும், பாடப்பொருளையும் வகுப்பறையையும் தேர்வையும் பற்றி ஒரு பகுதியைக் கல்லூரி தானே எழுதிச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பகுதியை எழுதும் பணியை மாணவர்களிடம் ஒப்படைத்தால் நல்லது. தாம் கற்பதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதை அவர்களே முதலில் கவனிக்கிறார்கள்.

சேர்க்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தரத்தை உயர்த்துகிறோம் என்ற பெயரில் வாசல் குறுகியதற்கு வரலாற்றில் வலுவான எடுத்துக்காட்டு உண்டு. 1910இல் வெளியான ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வட அமெரிக்க மருத்துவக் கல்வியின் அறிவியல் தரத்தை உயர்த்தியது என்பதில் ஐயமில்லை. அதே அறிக்கைக்குப் பின், அங்கிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹவர்டு, மெஹாரி என்ற இரண்டு மட்டுமே எஞ்சின. அந்த இழப்பை ஈடுசெய்ய ஒரு நூற்றாண்டும் போதவில்லை. தரத்தையும் சமநீதியையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த 1995ஆம் ஆண்டுக் கருவியின் அருமை இங்கேதான் புரிகிறது.

இவை தவிர, 130 அமைப்புகளும் வல்லுநர்களும் பங்கேற்ற கலந்தாய்வின் முடிவாக 2010 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் உருவான உலகப் பொது இணக்க ஆவணமும் உண்டு. அது கூறும் பத்துத் திசைகள் கொள்கை வகுப்போருக்கு உரியவை. அளக்கும் கருவியாக அதைப் பயன்படுத்த முயல வேண்டாம். ஐரோப்பிய மருத்துவக் கல்விச் சங்கம் நடத்தும் ஆஸ்பயர் விருதுத் திட்டத்திலும் சமூகக் கடப்பாடு ஒரு பிரிவாக உள்ளது. ஏற்கெனவே நன்றாகச் செய்துவரும் கல்லூரிக்கு, பன்னாட்டு மதிப்பீட்டாளர்களின் பார்வை பயனளிக்கும். இப்போதுதான் தொடங்குபவர்களுக்கு விருதின் அளவுகோல்கள் எட்டாத உயரத்தில் தெரியும். காட்சிப்படுத்துவதற்காகச் செய்யும் மனநிலையும் வந்துவிடக்கூடும்.

தேர்ந்தெடுப்பதைப் பற்றி என் பரிந்துரை இது. இதுவரை எதையும் அளக்காத கல்லூரி, மூன்று படி அட்டவணையிலிருந்து தொடங்கட்டும். அதை ஆசிரியர்கள் தனியாகவும் மாணவர்கள் தனியாகவும் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் பிரதிநிதிகள் தனியாகவும் நிரப்பி, மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடட்டும். மூன்றும் வேறுபடும் வரிகளே முதலில் கைவைக்க வேண்டிய வரிகள். பட்டதாரிகளின் பதிவேடு தயாரான பிறகே சமநீதி வலையமைப்பின் சட்டகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு போனால் விளைவு பற்றிய பகுதி வெறும் விருப்பங்களால் நிரம்பும். அந்தப் பதிவேட்டில் பணிபுரியும் ஊரின் பெயர் மட்டும் போதாது. பட்டதாரி எந்தத் துறையில் இருக்கிறார், கட்டணம் செலுத்த இயலாதவர்களைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறாரா, எத்தனை ஆண்டுகள் தொடர்ந்தார், விட்டு விலகியிருந்தால் எதனால் விலகினார் என்பவையும் வேண்டும். விலகிய காரணத்தைக் கேட்டு எழுதி வைக்கும் கல்லூரிகள் அரிது. ஆனால் அடுத்த ஆண்டின் பாடத்திட்டத்தை எங்கே திருத்த வேண்டும் என்பதை அந்த ஒரு பத்தியே மற்ற எல்லாச் சுட்டிகளையும்விடத் துல்லியமாகச் சொல்லும்.